தச்சு வேலைக்கு சேந்து அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் உளியத் தொட விடல. இருக்கவா, வேற எடம் மாறவா?

மரத்தூள்22 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம், வயசு 22, பி.காம் முடிச்சுட்டு ஒரு வருஷம் கலெக்‌ஷன் வேல பாத்தேன், வீடு வீடா போய் தவணை கேக்குறது மனசுக்கு ஒத்து வரல, விட்டுட்டேன். எங்க பக்கத்து வீடு கட்டுனப்ப நிலை வச்ச அன்னைக்கு அங்க வந்த ஆசாரி தூக்குகுண்ட விட்டு ஒரு கண்ண மூடிப் பாத்துட்டு அடியில சின்னதா ஒரு ஆப்பு தட்டுனார், அவ்ளோதான், நிலை நேரா நின்னுருச்சு. அன்னைக்கு புடிச்ச ஆச இது. எங்க வீட்டுல யாரும் இந்தத் தொழில் இல்ல, அதனால யாரையும் தெரியாது, தெரிஞ்ச ஒரு பெயின்டர் அண்ணன் மூலமா கோயம்புத்தூர்ல ஒரு மேஸ்திரிகிட்ட சேந்தேன்.

இப்ப அஞ்சு மாசம் முடிஞ்சுருச்சு. ஒரு அபார்ட்மென்ட் சைட்டு, ஒரு தனி வீடு, ரெண்டுலயும் மாத்தி மாத்தி வேல. காலைல வண்டில இருந்து பிளைவுட் இறக்கி மூணாவது மாடிக்கு தூக்கணும், 19 எம்எம் முழு ஷீட் ஒண்ணு 35, 40 கிலோ இருக்கும். அப்புறம் உப்புத்தாள் தேய்க்கிறது, பசை தடவுறது, மைக்கா ஒட்டுன எடத்துல டேப் ஒட்டுறது, டீ வாங்குறது, சாயங்காலம் தூள் கூட்டி மூட்டை கட்டுறது. சம்பளம் நாளைக்கு 550. கூலியப் பத்தி எனக்கு வருத்தம் இல்ல, கத்துக்கத்தான் வந்தேன். ஆனா என்னப் பாத்து "இந்தா இத வெட்டு"ன்னு ஒரு தடவ கூட சொல்லல. எனக்குப் பின்னால வந்த பையன், மேஸ்திரிக்கு சொந்தக்காரன், அவன் இப்ப கதவுக்கு கீல் போடுறான். அத தினமும் பக்கத்துல நின்னு பாக்குறது கஷ்டமா இருக்கு.

ஒரு தப்பு என் மேலயும் இருக்கு, அத மறைக்க விரும்பல. மூணாவது மாசம் கிச்சன் ஷட்டருக்கு என்ன அளவு எடுத்து சொல்லச் சொன்னாங்க. டேப்ப தப்பா படிச்சு 3 நூல் (ஒரு நூல்னா எட்டுல ஒரு பங்கு இஞ்சு) கம்மியா சொல்லிட்டேன், நான் சொன்ன அளவுக்கு ரெண்டு பீஸ் வெட்டிட்டாங்க, ரெண்டும் வீணா போச்சு. அன்னைல இருந்து டேப்பும் கைக்கு வரல.

கூடப் படிச்சவன் சென்ட்ரிங் வேலைக்கு போய் 800 வாங்குறான், என்னையும் கூப்புடுறான். அம்மா ஐடிஐ படிடான்னு சொல்லுது. இங்கயே இருக்கவா, சென்ட்ரிங் போகவா, ஐடிஐ சேரவா? தொழில் தெரிஞ்ச அண்ணன்மார் யாராவது சொல்லுங்க.

---

முட்டுப்பலகை எழுதியது:

தம்பி, நான் புதுக்கோட்டை, சென்ட்ரிங் வேலதான் 14 வருஷமா, அதுல 6 வருஷம் சிங்கப்பூர். உன் ஃப்ரெண்டு கூப்புடுறது சரிதான், காசு சீக்கிரம் பாப்ப, ரெண்டாவது வாரமே கைல சுத்தியல் கொடுத்துருவாங்க, ஏன்னா இங்க ஆள் பத்தாது. ஆனா ரெண்டும் தச்சுன்னு நெனச்சு வராத, ரெண்டும் வேற வேற.

எங்க வேல கான்கிரீட்டுக்கு அச்சு செய்யிறது. காலம் (தூண்) பாக்ஸ் அடிக்கணும், பீமுக்கு அடிப்பலகை சைடுபலகை போடணும், ஸ்லாப்புக்கு ஷீட் பரத்தி முட்டு குடுக்கணும், கான்கிரீட் இறுகுனதும் எல்லாத்தையும் பிரிக்கணும். நம்ம செஞ்சது எதுவும் அங்க நிக்காது, நம்ம செஞ்சதோட வடிவம் மட்டும் நிக்கும். எனக்கு அது புடிக்கும், 10 அடி காலம் பிரிச்சுப் பாக்கும்போது நூல் புடிச்ச மாதிரி நேரா நின்னா அன்னைக்கு சாப்பாடு தனி ருசி. ஆனா நீ நிலை வச்சதப் பாத்துதான் வந்தேன்னு எழுதியிருக்க. கதவு, நிலை, ஜன்னல் இதெல்லாம் எங்ககிட்ட பத்து வருஷம் இருந்தாலும் வராது. கை பழகுறது வேற மாதிரி.

இன்னொன்னு, இங்க எடை என்னன்னு தெரிஞ்சுட்டு வரணும். ஆயிரம் சதுர அடி ஸ்லாப்பு 5 இஞ்சு கனம்னா 417 கன அடி கான்கிரீட், கம்பியோட சேத்து 30 டன்னு பக்கத்துல வரும். அத்தனையும் பச்சையா நம்ம குடுத்த முட்டு மேல உக்காரும், அது மேலதான் ஆளும் நடப்பாங்க. சவுக்கு முட்டுக்கு அடியில மண்ணு இளகியிருந்து பலகை போடாம நிறுத்துனா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்துருக்கேன், அதுல ஒருத்தர் இடுப்பு ஒடிஞ்சு இன்னைக்கு வரைக்கும் படுக்கைல இருக்கார்.

வெளிநாடு போற எண்ணம் இருந்தா மட்டும் சென்ட்ரிங் யோசி. சிங்கப்பூருக்கு போக இங்கயே ஸ்கில் டெஸ்ட் அடிச்சு பாஸாகணும், எங்க சென்ட்ரிங் வேலையும் அதுல ஒரு ட்ரேடு. ஏஜென்ட்டு கேக்குற பணத்த ரெண்டு எடத்துல விசாரிக்காம குடுத்துறாத.

---

செங்கோட்டைப்பட்டறை எழுதியது:

தம்பி வணக்கம். எனக்கு 54 வயசு. 1988ல செங்கோட்டை பக்கம் ஒரு பட்டறைல சேந்தேன், இன்னைக்கும் மரத்துலதான் சோறு. நீ எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன், விளக்கமாவே சொல்லுதேன்.

மொதல்ல உன் மேஸ்திரி பக்கம் என்ன நடக்குன்னு புரிஞ்சுக்க. அவர் அனேகமா சதுர அடிக் கணக்குல கான்ட்ராக்ட் எடுத்துருப்பார். ஒரு ஷீட்டு 8க்கு 4, 32 சதுர அடி, ஐஎஸ் 710 மார்க்கு போட்ட, தண்ணி தாங்குற நல்ல மரைன் பிளைன்னா மூவாயிரத்துக்கு மேல போகும். நீ தப்பா வெட்டுனா அந்தக் காசு வீட்டுக்காரர் குடுக்க மாட்டார், அவர் கையில இருந்து போகும். நேரமும் அவருது. அதான் ஹெல்ப்பருக்கு மெஷின் குடுக்க பயப்படுதாங்க. அந்தக் காலத்துல பட்டறைல நாள் கூலி, தூக்கிப் போடுற கட்டை நெறய கெடக்கும், அதுல அடிச்சு அடிச்சு நாங்க கத்துக்கிட்டோம். இப்ப சைட்டுல அப்படி எடமே இல்ல. ஆனா சொந்தக்காரப் பையனுக்கு ஒரு மாதிரி உனக்கு ஒரு மாதிரின்னா அது தப்பு, அதுக்கு நான் சாக்கு சொல்ல மாட்டேன். எங்க வீட்டுல நாலு தலமுறையா இதே தொழில், ஆனா என்கிட்ட கத்துக்கிட்டதுல கை சுத்தமான பையன் ஒரு மீன்காரர் மகன். வம்சத்துல வர்றது ஒண்ணும் கிடையாது, சின்ன வயசுலயே கூட நின்னு பாத்த பழக்கம்தான் எங்களுக்கு வாய்ச்சது, அதையும் நீ ரெண்டு வருஷத்துல புடிச்சுரலாம்.

இப்ப நீ செய்ய வேண்டியது. நாளைக்கே ஒரு முக்கா இஞ்சு உளி, தீட்டுறதுக்கு ஒரு எண்ணெய்க்கல்லு, மூலை நேரா இருக்கான்னு பாக்க ஒரு மூலமட்டம் சொந்தமா வாங்கு. புது உளி கடைல இருந்து வரும்போது வெட்டாது தம்பி, யாரும் இத சொல்லித் தர மாட்டாங்க. மொதல்ல உளியோட முதுகுப் பக்கத்த கல்லுல படுக்க வச்சு தேய், முனை ஓரம் கண்ணாடி மாதிரி ஒரே மட்டமா வர்ற வரைக்கும். அப்புறம் சாய்வு. சாணைல 25 டிகிரி புடிச்சுருப்பாங்க, கல்லுல கொஞ்சம் தூக்கி 30 டிகிரில தேய்க்கணும், கை ஆடக் கூடாது, ஆடுனா முனை உருண்டு போகும். தேய்க்கத் தேய்க்க முதுகுப் பக்கம் விரல வச்சா மெல்லிசா ஒரு பிசிறு தட்டும், அது முனை முழுக்க வந்துருச்சுன்னா திருப்பி முதுகு ரெண்டு தேய் தேய்ச்சு பிசிற எடுத்துரு. கூர் வந்துச்சான்னு பாக்க ரோமத்த சிரைக்க வேண்டாம், லேசான ஒரு மரத் துண்டோட குறுக்கு வெட்டுல செதுக்கிப் பாரு, நார் நசுங்காம வழுவழுன்னு செதில் வந்தா கூர் சரி. நான் சேந்த மொத ஆறு மாசம் இது ஒண்ணுதான் செஞ்சேன், பெரியவங்க அஞ்சு பேரோட உளியும் இழைப்புளி தகடும் சாயங்காலம் என் கைக்கு வந்துரும். தண்டனைன்னு நெனச்சேன். பின்னால தனியா நிக்கும்போதுதான் தெரிஞ்சது, மழுங்கின உளிய வச்சு அமுக்கும்போதுதான் கையும் அறுபடுது கோடும் தாண்டுது.

அடுத்தது அளவு. நீ தப்பு பண்ணுன எடமும் அதான். டேப்புல இஞ்சு பக்கம் பாரு, ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒண்ணரை அடின்னு சொல்லாத, ஒரு அடி ஆறு இஞ்சு நூல் இல்லன்னு சொல்லு, 1 அடி 5 முக்கா இஞ்ச ஒண்ணு, அஞ்சு, ஆறுன்னு சொல்லு. அடி, இஞ்சு, நூல், மூணையும் தனித்தனியா சொல்லி எழுதி, எழுதுனத திரும்பப் படிச்சுக் காட்டணும். அளவு சொல்லுத வாயும் வெட்டுத கையும் வேற வேற ஆளா இருக்கப்ப தப்பு இந்த எடத்துலதான் நுழையும். அப்புறம் டேப்போட கொக்கி லேசா ஆடும், அது ரிப்பேர் இல்ல, கொக்கியோட கனத்த ஈடுகட்டத்தான் அப்படி வச்சுருக்காங்க, அத தட்டி இறுக்கிராத.

சும்மா நிக்குத நேரத்துல கணக்கு போட்டுப் பழகு. 7 அடிக்கு 3 அடி நிலை நாலு மூலையும் மூலமட்டத்துக்கு இருக்கான்னு எப்படிப் பாப்ப? மூலைக்கு மூலை புடிச்சா 7 அடி 7 இஞ்சு 3 நூல், ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரணும். மரக் கணக்கு, ரெண்டு கால் 7 அடி, மேல்கட்டை ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கதால மூணரை அடி, ஆக மொத்தம் பதினேழரை அடி, சைஸு 5க்கு 3ன்னா பதினைஞ்சால பெருக்கி 144ல வகு, 1.82 கன அடி. இத மனசுல போட்டு மேஸ்திரி கடைக்கு போன் பண்ணுறதுக்கு முன்னால நீ சொல்லு. அன்னைக்கு உன்னப் பாக்குற பார்வையே மாறும்.

கடைசியா, இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், மரம் செத்த பொருள் இல்ல. நீளவாக்குல மரம் சுருங்குறது கண்ணுக்கே தெரியாது, அகலத்துலதான் மழைக்கு ஊதும் வெயிலுக்கு சுருங்கும். அதனாலதான் பானல் கதவுல நடுப்பலகைய சட்டத்துல எடுத்த காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) பசை போடாம சும்மா சொருகி விடுதோம், அது தன் இஷ்டத்துக்கு அசையணும். அத ஒட்டுனவன் கதவு ஒரு கோடைக்குள்ள நடுவுல கீறி நிக்கும். பிளைவுட்டு மட்டும் வெட்டிப் பழகுனவங்களுக்கு இது தெரியாது, ஏன்னா பிளைல நார் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருக்கதால அது அவ்வளவா அசையாது. உனக்கு நிலை மேல ஆசைன்னா இன்டீரியர் மேஸ்திரிகிட்ட ஒரு வருஷத்துக்கு மேல இருக்காத. அதுக்கப்புறம் கட்டை மரம் வேல செய்யுத பட்டறையாப் பாத்து சேரு, தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மரக்கடையும் அறுவை மில்லும் நெறய உண்டு, மரத்தோட நடுவுல இருக்குற கெட்டி வைரம் எது, ஓரத்துல இருக்குற வெள்ளை எதுன்னு கண்ணால பாத்து கத்துக்க அத விட நல்ல எடம் எனக்குத் தெரியல.

---

சைட்டுஅக்கா எழுதியது:

தம்பி, நான் திருச்சில சைட் இன்ஜினியர். பெரியவர் சொன்ன தொழில் விஷயத்துல நான் சேக்க எதுவும் இல்ல, அவர் சொல்லாம விட்டத மட்டும் சொல்றேன்.

இன்னைக்கே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணு. 18ல இருந்து 60 வயசு வரைக்கும் பதியலாம், தச்சு வேலை அந்தப் பட்டியல்ல இருக்கு, ஹெல்ப்பரும் தொழிலாளிதான். விபத்து உதவி, கல்வி உதவி, பின்னால பென்ஷன்னு எல்லாத்துக்கும் அந்த அட்டைதான் ஆதாரம். நம்ம பசங்க அடிபட்டு ஆஸ்பத்திரில கெடக்கும்போதுதான் இதப் பத்தி கேக்குறாங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

அப்புறம் மெஷின். உன்ன இன்னும் தொட விடலன்னு வருத்தப்படுற, ஆனா தொடுற அன்னைக்கு பாத்துக்க வேண்டியது இருக்கு. நம்ம சைட்டுகள்ல கல்லு வெட்டுற கட்டர்ல மர பிளேட மாட்டி, மூடிய கழட்டிட்டு ஒத்தக் கைல புடிச்சு வெட்டுறாங்க. பிளேடு மரத்துல சிக்குனா மெஷின் பின்னால எகிறி உன் தொடைக்கோ வயித்துக்கோதான் வரும். மூடி இல்லாத மெஷின யார் குடுத்தாலும் வாங்காத, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். பிளக் இல்லாம ரெண்டு வயரையும் சாக்கெட்டுல சொருகி தீக்குச்சிய வச்சு இறுக்குறதும் நடக்குது. 60 ரூபா பிளக்கு நீயே வாங்கி மாட்டிரு.

தூளும் சாதாரணம் இல்ல. மரத்தூள் மூக்குக்குள்ள புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே உறுதியான காரணிகள் பட்டியல்ல சேத்துருச்சு. கர்ச்சீப்பு கட்டுறது பத்தாது, நல்ல என்95 மாஸ்க்கு போட்டுத் தேய், மரத்தூள்ங்குற உன் பேர மாத்தி வைக்கச் சொல்லல, தூள மட்டும் உள்ள விடாத.

ஐடிஐ பத்தி. கார்பென்டர் ட்ரேடு ஒரு வருஷம்தான், எட்டாவது போதும், நீ டிகிரி முடிச்சுருந்தாலும் சேரலாம். அங்க கை பழக கட்டை கெடைக்கும், வரைபடம் படிக்க சொல்லித் தருவாங்க, சர்டிபிகேட் கைல இருந்தா பெரிய கம்பெனிலயும் வெளிநாட்டுலயும் மதிப்பு. ஆனா அங்க இருந்து வர்ற பசங்க சைட்டுல மொத ஆறு மாசம் தடுமாறுவாங்க, ஏன்னா சுவரு எந்த வீட்டுலயும் நேரா இருக்காது, புத்தகத்துல எல்லா சுவரும் நேரா இருக்கும். அம்மா சொல்றதும் தப்பில்ல.

முட்டுப்பலகை அண்ணே, உங்களுக்கு ஒண்ணு. முட்டு சீக்கிரம் பிரிக்க சொல்லி ஓனர் நெருக்குனா கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்ற கணக்கக் காட்டுங்க, சாதா சிமென்ட்டுக்கு நாலரை மீட்டர் வரைக்கும் ஸ்பேன் இருக்குற ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேலன்னா 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, அதத் தாண்டுனா 21. போன மாசம் கூட இதுக்காக ஒரு எடத்துல சண்ட போட்டுட்டுதான் வந்தேன்.

---

முட்டுப்பலகை எழுதியது:

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு. ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த சிமென்ட்டுன்னா நாங்க இன்னும் சில நாள் சேத்துதான் விடுறது. பலகை வாடகை ஏறுதுன்னுதான் எல்லாரும் அவசரப்படுறாங்க.

---

மரத்தூள்22 எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியப்பா, நீங்க எழுதுனத பிரின்ட் எடுத்து வச்சுருக்கேன். உங்கள பெரியப்பான்னு கூப்புடலாம்ல?

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். உக்கடத்துல பழைய சாமான் கடைல ஒரு முக்கா இஞ்சு உளி 80 ரூபாய்க்கு கெடச்சது, கல்லு புதுசு. மொத நாலு நாள் முனை உருண்டுதான் போச்சு, நீங்க சொன்ன மாதிரி கை ஆடுது. அப்புறம் முட்டிய தரைல ஊனிக்கிட்டு தேய்ச்சேன், வந்துருச்சு. ஒரு நாள் டீ டைம்ல ஓரமா உக்காந்து தேய்ச்சுட்டு இருந்தேன், மேஸ்திரி வந்தார், எதுவும் பேசல, என் உளிய எடுத்து வேஸ்டு கட்டைல ஒரு செதுக்கு செதுக்கிப் பாத்தார், கீழ வச்சுட்டு போயிட்டார். மறுநாள் காலைல அவரோட ரெண்டு உளியையும் என் பக்கத்துல வச்சுட்டு போனார். டேப்பு இன்னும் தரல. நல வாரியப் பதிவுக்கு ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அம்மா அனுப்பிருச்சு, நம்பர் வந்ததும் சொல்றேன் அக்கா. மாஸ்க்கும் போடுறேன், பசங்க ரெண்டு பேரு கேட்டு வாங்கி போட்டாங்க.

பொங்கல் வரைக்கும் இங்கயே இருக்கலாம்னு முடிவு பண்ணிருக்கேன். அதுக்கப்புறம் பெரியப்பா சொன்ன பக்கம் வந்து பாக்கணும்.

ஒரு சந்தேகம். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் வேஸ்டு ரீப்பர் கட்டைல கீலுக்கு குழி எடுத்துப் பழகுறேன். குழி ஆழம் அரை நூல் கூடிப் போகுது, கீலு உள்ள அமுங்கிருது. நெஜக் கதவுல இப்படி ஆச்சுன்னா கட்டையே போச்சா?

---

செங்கோட்டைப்பட்டறை எழுதியது:

தாராளமா கூப்புடு தம்பி. கட்டை ஒண்ணும் போகல. குழி ஆழம் கூடுனா கீல் பக்கம் கதவும் நிலையும் இடிச்சுக்கிட்டு கதவு முழுசா சாத்தாம துள்ளும், அதுக்கு கீலுக்கு அடியில மெல்லிசா ஒரு மர ஏடு வச்சு ஏத்திரலாம், பிளைவுட் துண்டுல மேல் தோலு ரொம்ப மெல்லிசு, உள் ஏடு ஒண்ண உரிச்சா கிட்டத்தட்ட அரை நூல் வரும். அட்டை வைக்காத, ஈரம் குடிச்சு நசுங்கிரும்.

ஆனா கூடாம இருக்க வழி இருக்கு. கீலை வச்சு சுத்தி பென்சில்ல போடாத, கத்தி முனைல கீறு. ஆழத்துக்கு கீலோட கனத்தையே கட்டையோட ஓரத்துல வச்சு ஒரு கோடு கீறிக்க. அப்புறம் குறுக்கால அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு போட்டுட்டு, உளியோட சாய்வுப் பக்கம் கீழ இருக்குற மாதிரி புடிச்சு எடு, முதுகுப் பக்கம் கீழ வச்சா உளி தானா உள்ள முங்கும். கடைசி செதில் மட்டும் திருப்பிப் புடிச்சு கையாலேயே தள்ளி மட்டம் பண்ணு, கொட்டாப்புளி (மரச்சுத்தி) எடுக்காத. வேப்பங்கட்டை கெடச்சா அதுல பழகு, ரீப்பர் ரொம்ப லேசு, அடிக்கிற அடி தெரியாது. பத்து குழி எடுத்துட்டு ஃபோட்டோ போடு, பாக்குதேன்.